அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ்.: கேள்வி பதில்

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, சான்றிதழ், விண்ணப்பம், கட்டணம் ஆகியவற்றுக்கு மட்டும் இங்கே பதில். எந்த கோச்சிங் சென்டர் நல்லது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

மாணவியின் அப்பா, செஞ்சி: சார், பொண்ணு ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளிதான். எட்டாவது வரை ஊர்ல, அப்புறம் டவுன்ல. 7.5க்கு என்னென்ன பேப்பர் வேணும்?

இரண்டு பள்ளி என்றால் இரண்டு தலைமையாசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்க வேண்டும். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருடமும் அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளி என்றாலும் போச்சு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நல, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகள்தான்.

வேலையை ஏப்ரலிலேயே முடியுங்கள். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும், அடுத்து தலைமையாசிரியருக்கு மாறுதல் வரும். கலந்தாய்வு விண்ணப்பம் திறந்த பிறகு ஓடினால், புதிதாக வந்தவர் பழைய பதிவேட்டைத் தேடிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அது அவர் தப்பும் இல்லை.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் கணினி) பதிவு, நீட் விண்ணப்பம் நான்கிலும் ஒன்றுபோல இருக்கிறதா பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மதிப்பெண் பட்டியலை வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். சாதிச் சான்றிதழும் கட்டாயம் எடுத்து வையுங்கள். 7.5க்குள்ளேயும் இடங்கள் 69 சதவீத இட ஒதுக்கீட்டு முறைப்படிதான் பிரிகின்றன.

அம்மா, ஓசூர்: எட்டாவது வரை பிரைவேட்ல ஆர்.டி.இ. சீட்டில் படித்தான். ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி.

தகுதி உண்டு, முன்பு சொன்ன விதிக்கு இது விலக்கு. ஆனால் அது கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) 25 சதவீத இலவசச் சேர்க்கைதான் என்று பழைய பள்ளி எழுத்தில் தர வேண்டும். பணம் கட்டிப் படித்திருந்தால் தகுதி இல்லை. இதையும் ஏப்ரலில் வாங்குங்கள்.

மாணவன், அரியலூர்: நீட் அப்ளிகேஷன் கம்ப்யூட்டர் சென்டர்ல போட்டுக்கலாமா?

போடலாம், ஆனால் செல் நம்பரும் மெயிலும் உன்னுடையதாக இருக்க வேண்டும். அவசரத்தில் கடைக்காரர் தன் மெயிலைப் போட்டுவிடுவார். ஹால் டிக்கெட் எடுக்கும்போதும் கவுன்சலிங் நேரத்திலும் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும், அன்று பார்த்துக் கடை மூடியிருக்கும். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வை.

இன்னொன்று, நம் பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் பலர் 'ஜெனரல்' என்று போட்டுவிடுகிறார்கள். உன் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் என்று போடு. 2025இல் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 1700, ஓ.பி.சி.க்கு 1600, எஸ்.சி., எஸ்.டி.க்கு 1000 ரூபாய். மிச்சமாகும் நூறு ரூபாய்க்காகச் சொல்லவில்லை. தேர்ச்சிக்குப் பொதுப்பிரிவில் 50 பெர்சன்டைல் (மார்க் சதவீதம் இல்லை, எழுதியவர்களில் உன் நிலை) வேண்டும், ஓ.பி.சி.க்கு 40 போதும். அரசுக் கல்லூரிகளில் அகில இந்தியக் கலந்தாய்வுக்குப் போகும் 15 சதவீத இடங்களில் 7.5 செல்லாது, அங்கே ஓ.பி.சி.க்கு உள்ள 27 சதவீதம்தான் உனக்குக் கைகொடுக்கும். அதற்கு மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும், நம்மூர் சாதி அட்டை செல்லாது. நான்-கிரீமி லேயருக்கான எட்டு லட்ச ஆண்டு வருமான வரம்பைக் கணக்கிடும்போது அப்பாவின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது என்பது விதி. தாலுகா ஆபீஸில் சேர்த்துக் கணக்குப் போட்டால் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஒருவர், சேலம்: நாமக்கல்லில் நல்ல கோச்சிங் எது?

முதல் பத்தி.

மாணவி, பரமக்குடி: தமிழ் மீடியம். தெரியாத கேள்வியைத் தொடவே கூடாதுன்னு மிஸ் சொல்றாங்க.

முழுக்க சரியில்லை அம்மா. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாகக் கால் மார்க்தான் வரும், அதற்காக ரிஸ்க் எடுக்க வேண்டாம். இரண்டு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்தால் சராசரி ஒன்றரை மார்க், அப்போது விடக் கூடாது. 2025 முதல் 180 கேள்விக்கு 180 நிமிடம்தான், சாய்ஸ் கிடையாது. உயிரியலில் 90 கேள்வி, 360 மார்க். அதை 50 நிமிடத்துக்குள் முடித்தால்தான் இயற்பியல் கணக்குக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கிலமே இறுதி. பதினொன்றாம் வகுப்பிலிருந்தே கலைச்சொல்லை இரண்டு மொழியிலும் எழுதிப் பழகு.

ஆசிரியர், பாளையங்கோட்டை: அரசு உதவிபெறும் பள்ளியில் படிப்பதும் பீடி சுற்றுகிறவர்கள் பிள்ளைகள்தான். அவர்களுக்கு ஏன் 7.5 இல்லை?

கேள்வி நியாயம்தான் ஐயா. ஆனால் சட்டத்தில் இடமில்லை. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சட்டத்தை அப்படியே உறுதி செய்தது, உதவிபெறும் பள்ளிகளின் கோரிக்கையை ஏற்கவில்லை.

ஒருவர், தருமபுரி: சேர்க்கவே கூடாது. டவுன் பள்ளிகள் மார்க் பார்த்து அட்மிஷன் போடுகின்றன. அவர்களே மொத்தத்தையும் அள்ளிவிடுவார்கள்.

ஆசிரியர், பாளையங்கோட்டை: எங்கள் பள்ளியில் மார்க் பார்ப்பதில்லை. தமிழ் வழி, கட்டணமும் இல்லை.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒரே வளாகத்தில் உதவிபெறும் தமிழ் வழிப் பிரிவும், கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கிலப் பிரிவும் இருக்கும். பள்ளியை மொத்தமாகச் சேர்த்தால் இரண்டாவது கூட்டமும் உள்ளே வரும். பிரித்துப் பார்க்க முடியாதது இல்லை. புதுமைப்பெண் திட்டத்தை உதவிபெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகளுக்கு அப்படித்தான் விரித்தார்கள். ஆனால் 7.5ஐ ஏற்றாமல் அதற்குள்ளேயே பங்கு போட்டால் அடி வாங்குவது தருமபுரி, அரியலூர் பிள்ளைகள். தனியாக ஒரு சதவீதம் கேளுங்கள், நானும் ஆதரிக்கிறேன். ஐந்தாண்டுக்குள் ஒதுக்கீட்டை மறுபரிசீலனை செய்யவும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவை அங்கே கொண்டுபோங்கள்.

மாணவன், கோவை: பள்ளியை விட்டுவிட்டு வருமானத்தை வைத்துக் கொடுத்தால் சண்டையே இல்லையே?

வருமானச் சான்றிதழை வளைக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் நிறைய. ஏழு வருட அரசுப் பள்ளி வருகைப் பதிவேட்டை யாரும் 60 ரூபாய் கட்டி இ-சேவையில் வாங்க முடியாது. இந்தச் சட்டத்தின் பலமே அதுதான். முதல் ஆண்டிலேயே 313 எம்.பி.பி.எஸ். இடம் அரசுப் பள்ளிக்குப் போனது. இத்துடன் இந்த வாதத்தை நிறுத்துவோம், காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அம்மா, தேனி: 7.5ல் தனியார் கல்லூரி கிடைத்தால் லட்சக்கணக்கில் கட்ட வேண்டுமா?

வேண்டாம். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. கல்லூரி தனியாக ஏதாவது கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அத்துடன் மாநிலக் கலந்தாய்வை நடத்தும் தேர்வுக் குழுவுக்கு ஒரு புகார்.

மாணவன், திருவாரூர்: 7.5 பிரைவேட் காலேஜ் ஃபீஸ் யார் கட்டணும்?

மேலே தேனிக்குச் சொன்னது.

அண்ணன், கடலூர்: தங்கை அகில இந்தியக் கலந்தாய்வுக்குப் பதிகிறாள். இரண்டு லட்சம் டெபாசிட் காட்டுகிறது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தையும் டிக் செய்திருக்கிறாள். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். 15 சதவீத இடங்களுக்கு மட்டும் என்றால் ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்குப் பதிவு 500, திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 5000. பொதுப்பிரிவுக்கு 1000, 10,000. டெபாசிட் எந்த அக்கவுண்டிலிருந்து போனதோ அதற்கே திரும்பும், அதனால் வீட்டார் அக்கவுண்டிலிருந்தே கட்டுங்கள். கம்ப்யூட்டர் சென்டர்காரரின் அக்கவுண்ட் வேண்டாம்.

ஒருவர், வேலூர்: தெரிந்தவர் 'கோட்டா'வில் வாங்கித் தருகிறேன் என்கிறார், முன்பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். கலந்தாய்வுக்கு வெளியே எம்.பி.பி.எஸ். இடமே கிடையாது.

மாணவி, ராமநாதபுரம்: போன வருஷம் பிளஸ் டூ முடிச்சேன். இந்த வருஷம் எழுதினா 7.5 உண்டா? சர்டிபிகேட் எப்ப வாங்கணும்?

உண்டு. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பில்லை. எப்போது என்பதை இன்னும் எத்தனை தடவை எழுதுவது? ஏப்ரல்!

அப்பா, நாகப்பட்டினம்: சீட் கிடைச்சாச்சு. கைச்செலவுக்கு?

பெண் பிள்ளை என்றால் புதுமைப்பெண், பையன் என்றால் தமிழ்ப்புதல்வன். மாதம் 1000 ரூபாய் வரும், வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள், பணம் வராமல் போவது பெரும்பாலும் அதனால்தான். எஸ்.சி., எஸ்.டி. என்றால், குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் போடுங்கள். முதல் வருடப் புத்தகங்களைப் புதிதாக வாங்க வேண்டாம், எலும்பு செட்டும்கூட. இரண்டாம் வருட மாணவர்கள் விடுதியிலேயே பாதி விலைக்குத் தருவார்கள்.