ஒரு வங்கியின் பட்ஜெட் சர்வதேசத் தரத்தில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் அநேகமாகக் கணக்கியல் பரீட்சைக்குப் படிப்பவர். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்ஜெட் இப்படித்தான் போட வேண்டும் என்று எந்தச் சர்வதேச நியமமும் சொல்வதில்லை. ஆனால் ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் (இலங்கையில் எஸ்எல்எஃப்ஆர்எஸ் 9 என்ற பெயரில் 2018 ஜனவரி முதல்) பட்ஜெட்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. முன்பெல்லாம் கடன் கெட்ட பிறகு நட்டம் எழுதினால் போதும். இப்போது நல்ல கடனுக்கே, அது அடுத்த 12 மாதத்தில் கெட்டால் வரக்கூடிய நட்டத்தை எதிர்பார்த்து ஒதுக்க வேண்டும். தவணை 30 நாளுக்கு மேல் பிந்தினால், பொதுவாகக் கடனின் முழு ஆயுளுக்கும். அதைக் கணக்கிட வளர்ச்சி, வட்டி, நாணயமாற்று எப்படிப் போகும் என்ற எதிர்வுகூறல் தேவை. பட்ஜெட்டுக்கும் அதேதான் தேவை. இரண்டும் ஒன்றா? நான் தரம் பார்ப்பது அங்கேதான்.

கொழும்பில் ஒரு வங்கியின் திட்டமிடல் பிரிவில் இருந்தேன். பெயர் வேண்டாம். 2022க்கான எக்செலில் ‘அனுமானங்கள்’ தாளில் டொலர் 203 ரூபா, ஆண்டு முழுக்க. பக்கத்து அறையில் இடர் பிரிவின் தாளில் ரூபா விழுந்து வட்டி ஏறும் நிலைமைக்கும் ஒரு நிறை (அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்ற வீதம்) கொடுத்திருந்தார்கள். ‘இதில் எது சேர் நம்முடையது?’ என்று கூட்டத்தில் மேலதிகாரியிடம் கேட்டேன். “அது ஓடிட்டருக்கு, இது போர்டுக்கு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மார்ச்சில் ரூபா சரிந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி ஏற்றியது. 12ஆம் திகதி அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. அரசின் டொலர் முறிகளை (கடன்பத்திரங்களை) வைத்திருந்த வங்கிகள் அதற்கும் ஒதுக்க வேண்டி வந்தது. எங்கள் கிளைகளின் இலக்கு மட்டும் அசையவில்லை. பெட்ரோல் வரிசையில் நின்ற கிளை முகாமையாளரிடம் போன் போட்டு வாகன லீசிங் எவ்வளவு என்று கேட்டார்கள். வாகன இறக்குமதியே நின்றுபோயிருந்த நாட்டில்!

‘நெருக்கடியை யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்?’ என்று யாராவது சண்டைக்கு வரலாம். சரி, எண் சரியாக வரவேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஒரே வங்கிக்கு இரண்டு எதிர்காலம் எப்படி என்றுதான் கேட்கிறேன்.

இலக்கு எட்டவில்லை என்று போனஸில் வெட்டு. அப்புறம் 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சத்தைத் தாண்டிய சம்பளத்துக்கு வரி வந்தது, படிப்படியாக 36 வீதம் வரை. ஊரில் கேட்டால் வங்கிக்காரனுக்கு என்ன குறை என்பார்கள்.

உங்களுக்கு உள் பட்ஜெட் கிடைக்காது. ஆண்டறிக்கையில் இம்பெயார்மென்ட் (கடன் நட்ட ஒதுக்கீடு) குறிப்பைத் திறந்து, எந்த நிலைமைக்கு எவ்வளவு நிறை என்று பாருங்கள். பிறகு தலைவரின் செய்தியில் அடுத்த ஆண்டைப் பற்றி என்ன சொல்கிறார் என்று படியுங்கள்.