பழைய மசில் காருக்கு, தொழிற்சாலையில் அடித்த அதே நிறத்தில்தான் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: அமெரிக்காவில் இருக்கிறார், 1970 டாட்ஜ் சேலஞ்சர் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறார். கார் இப்போது பளீர் சிவப்பு. ஆனால் எஞ்சின் பக்கத்துத் தகட்டில் இருக்கும் குறியீடு கரும்பச்சை என்கிறது. யாரும் திரும்பிப் பார்க்காத பச்சைக்கு ஏன் பணம் செலவழித்துப் போக வேண்டும் என்று கேட்கிறார்.

பச்சைக்கே போங்கள் என்பதே என் பதில். டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கிறேன். என்னிடம் இருப்பதும் அதே வருடத்துச் சேலஞ்சர்தான். பச்சையாக வெளிவந்து, நடுவில் யாரோ சிவப்பாக்கி, இப்போது மறுபடி பச்சையாக நிற்கிறது. அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மசில் கார் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நடுத்தர அளவு அமெரிக்கக் காரில் பெரிய வி8 எஞ்சினைத் தூக்கி வைத்து, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்றது. 1964 பான்டியாக் ஜிடிஓவில் தொடங்கியதாகப் பலரும் சொல்வார்கள். காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் ஏறி, 1973 எண்ணெய் நெருக்கடியும் வந்தபோது அந்தக் காலம் முடிந்துவிட்டது.

1970ஐ ஒட்டி, டாட்ஜ், பிளிமத் கார்களைச் செய்த கிரைஸ்லர் கம்பெனி 'ஹை இம்பாக்ட்' என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களை விட்டது. ஊதா, எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை, ஆரஞ்சு. ஒரே பெயின்ட்டை டாட்ஜ் காரில் ஒரு பெயரிலும் பிளிமத் காரில் இன்னொரு பெயரிலும் விற்றார்கள். எஃப்சி7 என்ற ஊதா, டாட்ஜில் 'பிளம் கிரேசி', பிளிமத்தில் 'இன்-வயலட்'. இன்று சேலஞ்சர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இந்த நிறங்கள்தான். ஆனால் அன்று ஷோரூமுக்குப் போன குடும்பஸ்தர்களில் நிறையப் பேர் கரும்பச்சை, பழுப்பு, வெள்ளை, நீலம் என்றுதான் வாங்கினார்கள். பின்னால் வந்த உரிமையாளர்கள் அந்தக் கார்களைச் சிவப்பும் ஊதாவும் ஆக்கிவிட்டார்கள். விளைவு, இன்று கார் திருவிழாவுக்குப் போனால் ஊதாச் சேலஞ்சர் வரிசையாக நிற்கும், ஈஎஃப்8 என்ற குறியீடுள்ள கரும்பச்சையைத் தேட வேண்டியிருக்கும். அந்தப் பச்சையில் வந்து நின்றால் வயதானவர்கள்தான் முதலில் கிட்டே வருவார்கள். "எங்கள் பக்கத்து வீட்டில் இதே நிறத்தில் ஒன்று இருந்தது" என்பார்கள். சிவப்புக் காரிடம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இது ஆசை சம்பந்தப்பட்ட காரணம். பணம் சம்பந்தப்பட்ட காரணமும் உண்டு. ஏலத்தில் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது தகட்டில் உள்ள நிறமும் உடலில் உள்ள நிறமும் ஒன்றா என்று. ஒன்றாக இல்லையென்றால் அங்கேயே விலை இறங்கும்.

சரி, அந்தத் தகட்டை எப்படிப் படிப்பது? கிரைஸ்லர் கார்களில் பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கத்து உள் மட்கார்டில் ஒரு சின்னத் தகடு திருகப்பட்டிருக்கும். கீழ் வரியிலிருந்து மேலே படிக்க வேண்டும். 1970 காரில் அடி வரியில் எஞ்சின், கியர்பாக்ஸ், வண்டி எண். அதற்கு மேல் வரி பெயின்ட் குறியீட்டில்தான் தொடங்கும். வி1எக்ஸ் என்று எங்காவது இருந்தால் கூரைக்குக் கறுப்பு வினைல் உறை போட்டு வந்த கார் என்று அர்த்தம். அதன் கூரைக்கு வெறும் பெயின்ட் அடித்து நிறுத்தினால் அது தொழிற்சாலைத் தோற்றம் ஆகாது. 999 என்று இருந்தால் சிறப்பு ஆர்டர் நிறம். அது என்ன நிறம் என்று தகடு சொல்லாது, காரைத்தான் துருவ வேண்டும்.

அந்தத் தகடு இரண்டு திருகாணியில் நிற்பது. கழற்றி வேறு காரில் மாட்டலாம், போலியாகப் புதிதாகவும் அடிக்கலாம். அதனால் அதில் உள்ள வண்டி எண்ணை டேஷ்போர்டில் இருக்கும் எண்ணோடும், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள் தொழிற்சாலையின் ஆர்டர் தாள் மடங்கிக் கிடக்கும். எலி தின்றது போக மிஞ்சியது கிடைத்தாலும் பொக்கிஷம்தான், கசக்காமல் எடுங்கள்.

வேறு கம்பெனிக் கார் வைத்திருப்பவர்களுக்கு: 1969 ஷெவ்ரலே கமேரோவில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் தகடு இருக்கும், 72 என்றால் ஹக்கர் ஆரஞ்சு. ஃபோர்டில் டிரைவர் கதவின் விளிம்பைப் பாருங்கள். 1967 முதல் வந்த ஃபோர்டு கார்களுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்கலாம், கம்பெனியின் உற்பத்திப் பதிவிலிருந்தே நிறத்தைச் சொல்லிவிடுவார்கள். பான்டியாக்குக்கும் அதே மாதிரி பிஎச்எஸ் என்ற சேவை இருக்கிறது. ஷெவ்ரலே வைத்திருப்பவர்கள் பாடுதான் சிரமம்.

குறியீடு கிடைத்ததும் கடைக்குப் போய் "ஈஎஃப்8 கலந்து கொடுங்கள்" என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அது உங்கள் காரின் பச்சையாக இருக்கும் என்று நம்பாதீர்கள். அன்றைய கலவையில் இருந்த நிறமிகள் பல இன்று கிடையாது. இன்றைய நிறமிகளை வைத்துக் கிட்டத்தட்ட வருகிற மாதிரி ஒவ்வொரு பெயின்ட் கம்பெனியும் தனித்தனியாகச் சூத்திரம் போட்டிருக்கிறது. அதனால் ஒரே குறியீட்டுக்கு இரண்டு கம்பெனியில் இரண்டு பச்சை வரும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது காரில் ஒளிந்திருக்கும் பழைய பெயின்ட்.

என் காரில் அது டிக்கியின் ரப்பர் பீடிங்குக்கு அடியில் இருந்தது. ரப்பரை மெதுவாக உரித்தால் காய்ந்துபோன மஞ்சள் பசை, அதன் கீழே ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை. முதலில் பார்க்க வெளிறிப்போய் சுண்ணாம்பு பூத்த மாதிரிதான் இருந்தது. பெயின்டர் அதை அப்படியே ஒப்பிட விடவில்லை. பசையைத் துடைத்து, மென்மையான பாலிஷ் பேஸ்ட் தடவித் தேய்த்தார். துணியில் பச்சை ஏறியது. மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இல்லை, நிறமே மேல் பூச்சு என்பதற்கு அதுதான் அடையாளம். வெளிறல் போனதும் அடியில் இருந்தது வேறு பச்சை. ட்யூப்லைட்டில் கிட்டத்தட்டக் கறுப்பு. வண்டியைத் தள்ளி வெயிலுக்குக் கொண்டுவந்ததும் அதற்குள் இருந்த அலுமினியத் துகள் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது.

இப்படித் தேடக்கூடிய மற்ற இடங்கள்: கதவு நிலைப்படித் தகட்டுக்கு அடியில், பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில், மட்கார்டைக் கழற்றினால் அது உடலோடு பொருந்தியிருந்த ஓரத்தில். உள் அலங்காரப் பலகைகளுக்குப் பின்னால் இருக்கும் பெயின்ட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். அங்கே பூச்சு மெல்லிசாகத்தான் விழுந்திருக்கும், அடியில் இருக்கும் பிரைமர் நிறத்தைக் கெடுக்கும். வெளிப்பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால், கண்ணில் படாத ஒரு மூலையில் நயமான உப்புத்தாளைத் தண்ணீரோடு வைத்து வட்டமாகத் தேயுங்கள். மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் மாதிரி சிவப்பு, சாம்பல், பச்சை, பழைய பிரைமர் என்று காரின் வரலாறு வரிசையாக வரும். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பெயின்ட்களில் ஈய குரோமேட் கலந்திருப்பது சாதாரணம். உலர்ந்த தூளாகப் பறக்க விடவே கூடாது.

இனி, எந்த வகைப் பெயின்ட் என்ற கேள்வி. ஷெவ்ரலே, பான்டியாக் போன்ற ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களுக்கு அடித்தது அக்ரிலிக் லேக்கர். கிரைஸ்லரும் ஃபோர்டும் சூளையில் சுட்டெடுக்கும் எனாமல். இரண்டிலும் கிளியர் கோட் கிடையாது. இன்று பெரும்பாலான கடைகள் அடிப்பது நிறம் தனி, அதன் மேல் கிளியர் தனி என்ற முறை. துகள் இல்லாத சாதா நிறமாக இருந்தால் ஒற்றைப் பூச்சு யூரித்தேன் அடிக்கச் சொல்லி நான் சண்டையே போடுவேன், அந்தக் காலத்துத் தோற்றம் அதில்தான் வரும். ஆனால் ஈஎஃப்8 மாதிரி உலோகத் துகள் கலந்த நிறத்தில் ஒற்றைப் பூச்சு ஆபத்து. அடித்தபின் தூசி விழுந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்யப் போனால் மேலே இருக்கும் துகள் கலைந்து திட்டுத் திட்டாக நிறம் மாறிவிடும். அதனால் என் காருக்கு நிறமும் கிளியருமாகவே அடித்தோம். கிளியரை மட்டும் இரண்டே கோட்டோடு நிறுத்தச் சொன்னேன். தொழிற்சாலைப் பெயின்ட்டில் லேசாக ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம் இருக்கும். அதை முழுக்கத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கினால், டெட்ராய்ட் எந்தக் காலத்திலும் செய்யாத ஒரு கார்தான் கையில் இருக்கும். கடைக்காரர்களுக்குப் பளபளப்புதான் பெருமை, அதனால் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

துகள் உள்ள நிறத்தில் இன்னொரு சூட்சுமம், அடிக்கிற கை. ஈரமாக அடித்தால் துகள் கீழே இறங்கி நிறம் கருக்கும். ஸ்பிரே கன்னைத் தள்ளிப் பிடித்தோ காற்றழுத்தத்தைக் கூட்டியோ உலர்வாக அடித்தால் துகள் மேலே நின்று வெளுக்கும். ஒரே டப்பா, இரண்டு நிறம். ஆகவே சின்னத் தகட்டு அட்டைகளில் அதே கன், அதே அழுத்தம், மேலே கிளியர் உட்பட அடித்து, டிக்கி ஓரத்துப் பச்சைக்குப் பக்கத்தில் வைத்து வெயிலிலும் நிழலிலும் சாய்த்தும் பார்க்க வேண்டும். என் பெயின்டர் அட்டை முதுகில் கலவை அளவையும் அழுத்தத்தையும் எழுதி வைத்தார். நாளைக்கு ஒரு கதவில் கீறல் விழுந்தால் அந்த அட்டைதான் கைகொடுக்கும். அவர் பிடிவாதமாகச் சொன்ன இன்னொன்று: கதவு, மட்கார்டு, பானெட் எல்லாவற்றையும் தனித்தனியாகப் படுக்கவைத்து அடிக்கக் கூடாது, காரில் மாட்டி நிற்கவைத்து மொத்தமாக அடிக்க வேண்டும். கிரைஸ்லர் தொழிற்சாலையிலும் அப்படித்தான் நடந்தது. அதனால்தான் மட்கார்டு போல்ட்டுகளின் தலையும் உடல் நிறத்திலேயே இருக்கும். கமேரோவில் உடலும் முன்பக்கத் தகடுகளும் தனியாகப் பெயின்ட் ஆகிப் பிறகு பூட்டப்பட்டவை. அதில் போல்ட் தலைக்கு நிறம் அடித்தால் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

செலவு எங்கே போகிறது என்று கேட்பீர்கள். பெயின்ட் டப்பாவுக்கு இல்லை, கூலிக்கு. கிரைஸ்லர் காரில் எஞ்சின் அறைக்குள்ளும் உடல் நிறம்தான். சிவப்பாக்கியவர்கள் எஞ்சினை இறக்காமல் சுற்றி மட்டும் அடித்திருப்பார்கள். பச்சைக்குத் திரும்புவதென்றால் எஞ்சின், கண்ணாடி, ரப்பர், அலங்காரக் கம்பி எல்லாம் கழற்ற வேண்டும். அப்புறம் துரு. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். பின் சக்கரத்தைச் சுற்றியும் டிக்கித் தளத்திலும் வினைல் கூரைக்கு அடியிலும் பட்டி போட்டு மறைத்த துரு இருக்கும், தகடு வெட்டி ஒட்டாமல் மேலே பெயின்ட் அடிப்பது வீண். மொத்தமாக நல்ல கடையில் பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சகஜம். துரு வேலை அதிகம் இருந்தால் பல மடங்கு ஆகும். காசை மிச்சம் பிடிக்க வீட்டு கராஜில் அடிக்கலாம் என்று நினைத்தால், இந்தக் காலத்து யூரித்தேன் பெயின்ட்டில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. வடிகட்டி மாட்டிய சாதா மாஸ்க்கை நம்பக் கூடாது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாதவர்கள் தேய்ப்பு வேலையோடு நின்றுகொள்வது நல்லது.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் மறுபடி பெயின்ட் அடிக்காதீர்கள் என்பேன். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டே மங்கியும் கீறியும் உயிரோடு இருந்தால் அதைத் தொடக் கூடாது. அதைப் போல இன்னொன்றை எந்தக் கடையாலும் செய்து கொடுக்க முடியாது. உங்கள் விஷயத்தில் அது சிவப்புக்கு அடியில் போய்விட்டது, ஆகவே தயக்கம் வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் அனுமதி வாங்கி டிக்கி ரப்பரைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். பச்சை இருந்து, எண்களும் பொருந்தினால், நிற மாற்றத்தைக் காட்டி விலையைக் குறைத்துப் பேசுங்கள். வாங்கியபின் இலையுதிர் காலத்திலேயே கடையில் விட்டுவிடுங்கள். வசந்தம் வந்தால் இங்கே நல்ல பெயின்டர்கள் யாரிடமும் இடம் கிடைக்காது. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை இங்கே நடக்கும் வுட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்குக் கொண்டுவர ஆசை என்றால், மே மாதத்துக்குள் அடித்து முடிந்திருக்க வேண்டும். புதுப் பெயின்ட் முழுசாக இறுகும்வரை, எப்படியும் இரண்டு மூன்று மாதத்துக்கு, மேலே மெழுகு போடக் கூடாது.