மண் கேள்வி–பதில்: புல் பிடித்து வைத்திருக்கும் மணற்குன்றுகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மணற்குன்று மேய்ச்சல் நிலங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: ஏறத்தாழ 50,000 சதுர கி.மீ. பரப்புக்கு அங்கே மணல்மேடுதான் என்கிறார்கள். பிறகு எப்படி இடுப்பளவு புல் வளர்கிறது? மழை அவ்வளவு அதிகமா?
– வேளாண் மாணவி, கோவை

பதில்: மழை அதிகமில்லை. மேற்கே ஆண்டுக்கு 400 மி.மீ. சுமார், கிழக்கே போனால் 580 மி.மீ. வரை. நம் ராமநாதபுரத்தைவிடக் குறைவு. புல் வளர்வதற்குக் காரணமே மணல்தான்.

களிமண்ணில் 20 மி.மீ. மழை பெய்தால் மேலே ஒரு சாண்கூட நனையாது. இரண்டு நாள் வெயிலில் பாதிக்குமேல் ஆவியாகிவிடும். மணலில் அதே மழை ஓடாமல், தேங்காமல் நேரே ஓரடிக்குப் பக்கமாக இறங்கிவிடுகிறது. அப்புறம் மேல் இரண்டு மூன்று அங்குலம் காய்ந்ததும் அடியிலுள்ள ஈரம் மேலே ஏற வழியில்லை. காய்ந்த மணலே மூடியாகிவிடும். ஐந்தாறு அடி வேர்விடும் சாண்ட் ப்ளூஸ்டெம், ப்ரெய்ரி சாண்ட்ரீட் போன்ற உயரப் புற்களுக்கு இது வசதி. மேற்கு நெப்ராஸ்காவில் பக்கத்துக் கெட்டி நிலத்தில் கணுக்கால் உயரத்துக்கு பஃபலோ கிராஸ்தான் இருக்கும். மணல் தொடங்கும் இடத்தில் புல்லின் உயரமும் மாறிவிடும். மழை மிகுந்த ஊரில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே மணலில் பெய்த நீர் வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும்.

கேள்வி: அந்த மண்ணைத் தோண்டினால் என்ன தெரியும்? கையால் பார்த்தே அடையாளம் காண முடியுமா?
– மண் பரிசோதனைக்கூட உதவியாளர், திருச்சி

பதில்: அங்கே அதிகம் பரவியிருக்கும் மண்ணுக்கு வேலன்டைன் தொடர் என்று பெயர். மேலே நான்கு முதல் ஆறு அங்குலம் வரை சாம்பல் கலந்த பழுப்பு. மட்கு ஒரு சதவீதம் அளவில்தான். அதற்குக் கீழே ஆறடி போனாலும் ஒரே மாதிரி வெளிர்பழுப்பு நுண்மணல். களிப்பட்டை இல்லை, சுண்ணாம்புக் கட்டி இல்லை, சரளை இல்லை. மணல் 90 சதவீதத்துக்கு மேல். அடுக்குகள் உருவாக நேரம் கிடைக்காத இளமண் என்பதால் எண்டிசால் வகையில் சேர்ப்பார்கள்.

கைச்சோதனை எளிது. ஒரு பிடி மண்ணை நனைத்து உருண்டை பிடியுங்கள். தொட்டதும் உதிர வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தள்ளினால் நாடாவாக வராது. விரலில் கறையும் பிடிக்காது. கறை ஒட்டி, உருண்டை ஓரளவு நின்றால் அது பள்ளத்தாக்கில் கிடைக்கும் வண்டல் கலந்த மணல். குன்றின் மணலைவிட ஈரமும் சத்தும் அதிகம் தாங்கும். ஓரடி ஆழ நுண்மணல் பயிருக்குக் கொடுக்கும் நீர் 20–25 மி.மீ.; வண்டல் மண் அதைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை: குழி இடுப்புக்கு மேல் போனால் உள்ளே இறங்காதீர்கள். இந்த மணலின் சுவர் முன்னறிவிப்பில்லாமல் சரியும். ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால் துளைக்கருவி போதும்.

கேள்வி: ஒமாஹாவில் வேலை செய்கிறேன். குன்றுகளின் பக்கம் போனபோது புல்வெளிக்கு நடுவே வெறும் மணல் கிண்ணம்போல் குடைந்திருந்தது. அங்குள்ளவர்கள் ‘ப்ளோஅவுட்’ என்றார்கள். ஏன் வருகிறது? சரிசெய்ய முடியுமா?

பதில்: காற்று மணலை அள்ளிப்போட்ட குழி அது. 0.1 முதல் 0.5 மி.மீ. வரையுள்ள மணல்துகள் காற்றில் பறக்காது, குதிக்கும். விழும்போது இன்னும் சில துகள்களைக் கிளப்பிவிடும். இந்தக் குதியாட்டம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் நடக்கிறது. அதனால் அரையடிப் புல்தாள் நின்றாலே காற்றின் வேகம் அடிபட்டுவிடும். புல் போன இடத்தில் குளிர்காலத்து வடமேற்குக் காற்று வேலையை ஆரம்பிக்கிறது. பல குழிகள் வடமேற்கு பார்த்த சரிவில் இருப்பது இதனால்தான்.

தொடங்கும் இடங்கள் அநேகமாக மனிதன் தேர்ந்தெடுத்தவை: தண்ணீர்த்தொட்டி, மாடு நக்க உப்புக்கட்டி வைத்த இடம், வேலி மூலை, வண்டி நேராக மேட்டில் ஏறிய தடம். புல் செத்த உடனே மணல் கிளம்பாது. 2000-களின் நடுவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் பார்ட்டா பிரதர்ஸ் பண்ணையில் களைக்கொல்லி அடித்துப் புல்லைக் கொன்று பார்த்தார்கள். செத்த வேர்கள் மட்கும்வரை மணலைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஆக, வெறுமை தெரிந்த முதல் ஆண்டிலேயே கவனித்தால் வேலை சுலபம்.

முதலில் தொட்டியையும் உப்பையும் வேறிடத்துக்கு மாற்றி, குழியைச் சுற்றி மின்வேலி போடுங்கள். இரண்டு மூன்று வளர்பருவங்களுக்கு மாடு நுழையக்கூடாது. மேல்விளிம்பு தொங்கலாக நின்றால் இடித்துச் சரிவாக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தினமும் உதிர்ந்து விதையை மூடும். பிறகு உள்ளூர்ப் புல்வெளியில் அறுத்த பழைய வைக்கோலைப் பரப்புங்கள். பரப்பினால் மட்டும் போதாது, மணலுக்குள் அழுத்த வேண்டும். அழுத்தாத வைக்கோல் அடுத்த காற்றில் வேலியில் போய்த் தொங்கும். பனிக்காலத்தில் சில நாள் மட்டும் மாட்டுக்கு அங்கேயே தீனி போட்டால் குளம்பே மிதித்து இறக்கிவிடும், சாணமும் விழும். வசந்தத்தில் சாண்ட் ப்ளூஸ்டெம், சாண்ட்ரீட், சாண்ட் லவ்கிராஸ் கலந்த விதையை ஓர் அங்குல ஆழத்துக்குள் போடலாம். காற்று வரும் பக்கத்து விளிம்பிலிருந்து தொடங்குங்கள். நடுக்குழியில் முதலில் விதைத்தால், பறந்துவரும் மணல் உரசியே நாற்று செத்துவிடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு விதம். எங்கிருந்தோ வாங்கிய வைக்கோலில் லீஃபி ஸ்பர்ஜ் களைவிதை வந்துவிடும். குழியைவிட அது பெரிய தலைவலி. அல்லது, பச்சை தெரிந்ததும் வேலியை எடுத்துவிடுவார்கள். மண்ணுக்கடியில் படுத்து ஓடும் கிடைத்தண்டு பக்கத்தில் பரவிப் பின்னும்வரை அந்தப் பச்சைக்குப் பலமில்லை. பழைய டயர்களைக் குழியில் கொட்டும் வழக்கம் ஒன்று உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

வேலையில் இறங்குமுன் குழிக்குள் வெளிர்நீலப் பூவுள்ள செடி இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளோஅவுட் பென்ஸ்டெமன் என்ற அந்தச் செடி திறந்த மணலில்தான் வாழும். 1987 முதல் அமெரிக்க அரசின் அழியும் நிலைப் பட்டியலில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊர்த் தேரியும் இதுவும் ஒன்றா?
– வாசகர், உடன்குடி

பதில்: இரண்டும் காற்று கொண்டுவந்து குவித்த மணல். தேரியின் சிவப்பு, துகள்மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. நெப்ராஸ்கா மணல் வெளிறியது. அதை நிறுத்தி வைத்திருப்பது மரமல்ல, பல்லாண்டுப் புல்.

கேள்வி: ஒரு மாட்டுக்கு எத்தனை ஏக்கர் வேண்டும்?
– பால்பண்ணையாளர், ஈரோடு

பதில்: கணக்காகவே தருகிறோம். ஒரு நல்ல குன்றுநிலம் சாதாரண ஆண்டில் ஏக்கருக்கு 800 கிலோ உலர்புல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதியை நிலத்துக்கே விட்டுவிட வேண்டும். மீதிப் பாதியிலும் மிதிபடுவதும் பூச்சி தின்பதும் போக, மாட்டின் வாய்க்குப் போவது மொத்தத்தில் கால்பங்கு, அதாவது 200 கிலோ. கன்றோடு நிற்கும் 450 கிலோ பசு மாதம் 350 கிலோ தின்னும். ஐந்து மாத மேய்ச்சலுக்கு 1,750 கிலோ. ஆக, ஒன்பது ஏக்கர். இப்போதுள்ள பசுக்கள் 550 கிலோவைத் தாண்டுவதால் பதினொன்று என்று வைப்பது நல்லது. செங்குத்தான குன்றுகளில் இன்னும் கூடும். அங்கே விளைச்சலும் குறைவு, மாடும் உச்சிக்கு ஏறாமல் தொட்டிப் பக்கமே சுற்றும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் புல் அழிவதுண்டு. ஒரே வயலை வருடா வருடம் ஜூன்–ஜூலையில் மேய்த்தால், வெயில்காலப் புற்கள் வளரும் சமயத்திலேயே கடிபட்டு வேரில் சேமிப்பில்லாமல் போகும். முறை மாற்றி விடுங்கள். மே, ஜூன் மழை பொய்த்தால் அப்போதே மாட்டைக் குறைக்க வேண்டும். ஆகஸ்டில் குறைத்துப் பயனில்லை.

கேள்வி: அடியில் அவ்வளவு நிலத்தடி நீர் இருக்கும்போது ஏன் உழவில்லை?
– வாசகர், மதுரை

பதில்: உழுது பார்த்தார்கள். 1904-இல் வந்த கின்கெய்ட் சட்டப்படி 640 ஏக்கர் வீதம் குடியேறியவர்களில் பலர் சில ஆண்டுகளில் மாட்டுப்பண்ணையாரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1970-களில் சுழலும் தெளிப்புப் பாசனம் போட்டு மக்காச்சோளம் வைத்தார்கள். ஓகலாலா என்னும் நிலத்தடி நீர்ப்படுகை காலடியில் இருப்பதால் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் மணலுக்கு உரத்தைப் பிடித்து வைக்கும் சக்தி இல்லை. போட்ட நைட்ரஜன் நைட்ரேட்டாகி, பாய்ச்சிய நீரோடு இறங்கி, அதே கிணற்று நீரில் கலக்கிறது. விலை இறங்கி விவசாயத்தைக் கைவிட்ட, தெளிப்பான் சுழன்ற வட்ட வயல்களில் மறுபடி புல் விதைக்க வேண்டியிருந்தது. உழவு நின்றால் தானாக மூடிக்கொள்ளும் மண் அல்ல இது.