தலையில் அடிபட்டவர் மறுபடி கடைக்குப் போகலாமா?

கேள்வி: பைக் விபத்தில் என் கணவருக்குத் தலையில் அடி. எட்டு மாதமாகிறது. நடக்கிறார், பேசுகிறார், ஆனால் சொன்னது மறந்துபோகிறது. சாயங்காலமானால் எரிந்து விழுகிறார். எங்கள் மளிகைக் கடைக்குப் போயே தீருவேன் என்கிறார். அனுப்பலாமா? — வாசகி, ஈரோடு

பதில்: மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து 2 மணி நேரம், வாரம் 3 நாள் போதும். இரண்டு வாரம் தாங்கினால் அரை மணி கூட்டலாம். கல்லா இப்போதைக்கு வேண்டாம். ஆள் பேச்சும் சில்லறைக் கணக்கும் ஒன்றாக வந்தால் குழம்பிவிடுவார். பருப்பை அரைக் கிலோ பொட்டலம் போடட்டும். எதற்குப் பின் எதைச் செய்வது என்று வரிசையாகத் தராசுக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

சாயங்காலக் கோபம் பெரும்பாலும் களைப்புதான். டிவி, குக்கர் விசில், பிள்ளைகள் சத்தம் எல்லாம் சேர்ந்தால் அடிபட்ட மூளை தாங்காது. மதியம் அரை மணி தனி அறையில் படுக்கட்டும். களைத்த பிறகு அல்ல, களைக்கும் முன்பே.

மறதிக்குச் சட்டைப்பையில் அடங்கும் ஒரே ஒரு நோட்டு. மூன்று கொடுத்தால் எதில் எழுதினோம் என்பதே மறந்துவிடும்! செல்போன் அலாரம் அடித்ததும் நோட்டைப் பார்க்கப் பழக்குங்கள். "என்ன சொன்னேன், யோசிங்க" என்று சோதிக்காதீர்கள். தப்பாகச் சொன்ன பதிலே மனதில் பதிந்துவிடும். சரியானதை நீங்களே சொல்லி, அவரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

பைக் சாவி மட்டும் மருத்துவர் சொல்லும்வரை உங்களிடமே இருக்கட்டும். தலைக்காயத்துக்குப் பல மாதம் கழித்தும் வலிப்பு வரலாம். மது அறவே கூடாது.