கோன் ஃபில்டர் முதல் ஊட்டி மலை வரை: ஆஃப்ரோடு கேள்வி-பதில்

கேள்வி: மஹிந்திரா தார் பெட்ரோல் வண்டியில் கோன் ஃபில்டர் (கூம்பு வடிவத் திறந்த ஏர் ஃபில்டர்) போட்டேன். சத்தம் கூடியது, பிக்கப் கூடவில்லை. ஏன்?

கூடாது. டர்போ காற்றை எவ்வளவு அழுத்தித் தள்ளலாம் (பூஸ்ட்) என்று இசியுவில், அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டரில், எழுதி வைத்திருக்கிறார்கள். காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் அந்த அளவைக் காட்டியதும் இசியு டர்போவை அடக்கிவிடும், காற்றுக்கு நீங்கள் எவ்வளவு அகலமாக வழி விட்டாலும் 150 குதிரை 150தான். போதாததற்கு, திறந்த கோன் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை இழுக்கும், காட்டுப் பாதைத் தூசியையும் பேப்பர் ஃபில்டர் அளவுக்குத் தடுக்காது. பழைய ஏர் ஃபில்டர் பெட்டியையே மாட்டுங்கள். எப்போதும் சொல்வதுதான்: பாகம் வாங்கும் முன் ஒரு ஓபிடி ஸ்கேனர் (இசியு சொல்வதைப் படித்துக் காட்டும் கருவி) வாங்கி, வண்டி இப்போது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: மாருதி ஜிம்னிக்கு 235/75 ஆர்15 டயர் மாற்றியதிலிருந்து வண்டி மந்தம். எந்த சென்சார் போயிருக்கும்?

எதுவும் போகவில்லை. கம்பெனி டயரைவிட இது 6 சதவீதம் உயரம், அந்த அளவு இழுவை சக்கரத்தில் குறையும். 134 நியூட்டன் மீட்டர் இன்ஜின் 126 ஆனதுபோல இருக்கும். டயரின் எடை வேறு. ஸ்பீடோ 80 காட்டினால் நீங்கள் 85-ல் போகிறீர்கள், கவனம்.

கேள்வி: ஐஏடி சென்சார் (உள்ளே வரும் காற்றின் சூட்டை அளப்பது) ஒயரில் ரெசிஸ்டர் வைத்தால் 10 குதிரை கூடும் என்று 2,000 ரூபாய்க்கு ஒரு கிட் விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்தக் கிட்டுக்குள் இருப்பது சில ரூபாய் ரெசிஸ்டர், அது செய்யும் ஒரே வேலை உள்ளே வரும் காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று இசியுவிடம் பொய் சொல்வது. இசியு அதை நம்பி, காற்று அடர்த்தி என்று கணக்குப் போட்டு பெட்ரோலைக் கூட்டும். உடனே ஆக்சிஜன் சென்சார் கலவையைப் பார்த்து, பெட்ரோல் அதிகம், குறை என்று சொல்லும். 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதத்துக்கு வண்டி திரும்பிவிடும். சாதாரண ஓட்டத்தில் லாபம் பூஜ்யம். முழு த்ராட்டிலில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதுதான் ஆபத்து. குளிர்காற்றுக்கு என்று வைத்த இக்னிஷன் டைமிங் மே மாத வெயிலில், லோ ரேஞ்ச் கியரில், மணலில் திணறும் வண்டிக்குக் கிடைக்கிறது. இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும், அந்தத் தட்டலைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், இருந்த பவரும் போகும். நாக் சென்சார் பிடிக்கத் தவறினால் பிஸ்டன் போகும். இந்தப் பொய்யை மாட்டிக்கொண்டு, மைலேஜ் குறைந்துவிட்டது என்று என்னிடம் வந்த வண்டிகளில் ஒயரை வெட்டி ஒட்டிய இடத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். சூடு எவ்வளவு என்று இன்ஜினுக்குத் தெரிவதே இந்த மாதிரி இரண்டு மூன்று சென்சார்களால்தான், அதன் கண்ணைக் கட்டிவிட்டு மேட்டில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: வண்டி இழுக்கவில்லை. என்ன செய்ய?

எந்த வண்டி? எந்த வருடம்? பெட்ரோலா டீசலா? பிஎஸ்4-ஆ பிஎஸ்6-ஆ? எதுவுமே எழுதாமல் பதில் கேட்டால் நான் என்ன சொல்வது? ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீட்டோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: டீசல் தாருக்கு டியூனிங் பாக்ஸ் நல்லதா?

இதில் பவர் நிஜமாகவே கூடும். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயில் (ரெயில்) 1,600 பார் அழுத்தம் இருந்தால் இந்த பாக்ஸ் 1,450 என்று இசியுவிடம் காட்டும், இசியு பிரஷரை ஏற்றும், டீசல் கூடுதலாகப் போகும். ஆனால் இசியு கேட்ட அளவும் சென்சார் சொல்லும் அளவும் ஒத்துப்போகாத நாளில் லிம்ப் மோட், அதாவது இசியு பவரை வெட்டிவிடும். அது வீட்டு வாசலில் வராது, ஏற்றத்தின் நடுவில்தான் வரும். பிஎஸ்6 வண்டியில் புகை கூடினால் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் வேறு சீக்கிரம் அடைக்கும். பவர் வேண்டும் என்றால் விவரம் தெரிந்தவரிடம் ரீமேப் (இசியுவின் புரோகிராமையே மாற்றுவது) செய்யுங்கள், வாரன்டி போகும் என்று தெரிந்தே செய்யுங்கள்.

கேள்வி: ஸ்நார்க்கல் போட்டால் மைலேஜ் கூடுமா?

கூடாது. அது காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய், தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமலிருக்கத்தான்.

கேள்வி: எங்கள் அப்பாவின் பழைய மஹிந்திரா எம்எம்540 ஜீப்பில் டீசல் பம்ப் ஸ்க்ரூவைத் திருகினாலே பவர் வந்ததே?

வந்தது, கரும்புகையும் வந்தது. அந்தப் பம்ப் மெக்கானிக்கல், நீங்கள் திருகியதைக் குறைக்க அதில் சென்சார் கிடையாது.

கேள்வி: ஊட்டியில் ஜிம்னி சோர்ந்துபோகிறது. எந்த ஃபில்டர் போடலாம்?

ஃபில்டர் வேண்டாம். 2,200 மீட்டரில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத வண்டி அதே அளவுக்குச் சோரும். காற்று குறைந்ததை சென்சார் பார்த்து பெட்ரோலையும் சரியாகக் குறைத்திருக்கும், அதில் கை வைக்காதீர்கள். ஒரு கியர் குறைத்து 4,000 ஆர்பிஎம் பக்கம் வைத்து ஏற்றுங்கள், அந்த இன்ஜினின் முழு டார்க் அங்கேதான் இருக்கிறது.