சூடு பண்ணிச் சாப்பிட்டும் வாந்தி ஏன்?

கேள்வி: வேலை முடிந்து ஆறு மணிக்குத் தள்ளுவண்டியில் சோறும் குழம்பும் பொட்டலமாக வாங்கி வருவேன். சாப்பிட இரவு பத்து மணி ஆகிவிடும். ஆவி பறக்கச் சூடு பண்ணித்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் இந்த மாதம் இரண்டு முறை நள்ளிரவில் வாந்தி. வண்டியை மாற்ற வேண்டுமா?

பதில்: வண்டி இருக்கட்டும், முதலில் அந்த நாலு மணி நேரத்தைப் பார்ப்போம்.

பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அரிசியோடேயே வருகிறது. விதைபோல உறங்கிக் கிடக்கும் அதன் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு 121 டிகிரி சூட்டையும் தாங்கும். உங்கள் அடுப்பு அதை ஒன்றும் செய்யாது. சமைப்பவரின் கை, மூக்கிலிருந்து வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி விடும் நஞ்சும் இதே ரகம்தான். சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் முதலில் இந்த இரண்டையும்தான் சந்தேகப்படுவேன்.

சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரிக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே அதிகம். இந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நேரத்தில் தொடங்குவதில்லை, அடுப்பை விட்டு இறக்கியபோதே தொடங்கிவிடுகிறது.

'வாங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்தால்?' என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் கட்டிய பொட்டலத்தை அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். பிரித்து, அகலமான பாத்திரத்தில் மெல்லிசாகப் பரப்பி வையுங்கள். வாங்கும்போதே உணவு அடுப்பின் மேல் சூடாக இருந்திருக்க வேண்டும். ஆறிய சோற்றில் கொதிக்கும் குழம்பை ஊற்றினாலும் ஆவி வரும், அதை நம்பி ஏமாறாதீர்கள். ஃபிரிட்ஜும் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருவர் திறக்கும் அலுவலக ஃபிரிட்ஜ் இதற்கு உதவாது. இத்தனையும் சரியாக இருந்தால் பத்து மணிக்குச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

அப்புறம் வண்டியில் தொங்கும் உரிமம். அதைப் பார்த்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். படிவம் நிரப்ப ஓர் ஆள், கையெழுத்து வாங்க ஓர் ஆள் என்று தரகர்கள் பிடித்துத் தரும் காகிதம் இன்றைய சோறு எப்போது வெந்தது என்று சொல்லுமா? அதைவிட மோசம், எங்கோ அண்டா அண்டாவாகச் சமைத்துப் பல வண்டிகளுக்குப் பிரித்துவிடும் மொத்த வியாபாரிகள். விற்பவருக்கே சமைத்த நேரம் தெரியாது. 'நீங்களே சமைத்ததா, எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள். கண் முன்னால் வெந்து இறங்குவதை வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

சோதனைக்கு வருகிற அதிகாரிகளும் வண்டியைத் தூக்கிப் போவதில்தான் குறியாக இருக்கிறார்கள். பக்கத்தில் கை கழுவ ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள் என்று எத்தனை முறை எழுதியும் நடக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் நாள் முழுக்கத் தட்டு கழுவுகிறவரைத் திட்டி என்ன பயன்?

மறுபடி வாந்தி வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். காய்ச்சல், மலத்தில் ரத்தம், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நிலை என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். கிருமி விட்டுப்போன நஞ்சை அது தொடாது.