எலெக்ட்ரிக் கார்: 30 யூனிட் பேட்டரி போதுமா, 45 வேண்டுமா?

கேள்வி இதுதான்: கோபியில் வீடு, தினமும் ஈரோடு போய் வர 70 கிலோமீட்டர், மாதம் ஒரு தடவை அப்பாவைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவை ஊட்டி. இதற்கு 30 யூனிட் பேட்டரி போதுமா, 45 வேண்டுமா, இல்லை கடனைக் கொஞ்சம் கூட்டி 60க்கு மேல் போய்விடலாமா?

45 வாங்குங்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. ஊட்டி மலையை நினைத்துத்தான் 60 வரை போயிருக்கிறீர்கள் என்று எழுத்திலேயே தெரிகிறது. வீட்டில் ஒரு கல்யாணம் வரும் என்பதற்காக யாரும் அண்டாவை விலைக்கு வாங்கி அட்டாலியில் ஏற்றி வைப்பதில்லை, வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். ஊட்டிக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் காங்கேயம், வேலை திருப்பூரில். 30 யூனிட் பேட்டரி உள்ள கார், மூன்றரை வருஷம் ஆகிறது, 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

முதலில் ஒரு பழக்கத்தை விடுங்கள். கம்பெனி சொல்லும் கிலோமீட்டரை வைத்துப் பேட்டரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது சோதனைக் கூடத்தில் மெதுவான ஓட்டத்தில் வரும் கணக்கு. நெக்ஸான் 45ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், சான்றிதழ்க் கணக்கு 489 கிலோமீட்டர், நிஜத்தில் 350 முதல் 370 வரை கிடைக்கும் என்று டாடாவே சொன்னது. அதனால் யூனிட்டில் யோசியுங்கள். ஒரு கிலோவாட் மணி என்பது நம் கரண்ட் பில்லில் வரும் அதே ஒரு யூனிட்தான். டியாகோவில் 19.2, 24 என்று இரண்டு, முதலில் வந்த பஞ்ச்சில் 25, 35, நெக்ஸானில் 30, 45, கிரெட்டாவில் 42, 51.4 என்றெல்லாம் போடுவது அந்த யூனிட்டைத்தான். என் அனுபவத்தில் ஊருக்குள் நிதானமாகப் போனால் யூனிட்டுக்கு ஏழரை, எட்டு கிலோமீட்டர் வரும். பைபாஸில் ஏசி போட்டு 90, 100இல் விரட்டினால் ஆறுதான். கணக்குப் போடும்போது ஆறு என்றே போடுங்கள், பிறகு வருத்தம் இருக்காது.

இனி உங்கள் கணக்கு. ஈரோட்டுக்கு 70 கிலோமீட்டர் என்றால் 11, 12 யூனிட். 24 யூனிட் பேட்டரியே இதைத் தாங்கும், இதில் பேச ஒன்றுமில்லை. விஷயம் இருப்பது கோவையில். கோபியிலிருந்து போக 80, வர 80, ஊருக்குள் சுற்ற ஒரு 20, ஆக 180 கிலோமீட்டர், 30 யூனிட். பேட்டரியில் கடைசி 15 சதவீதத்தைத் தொடாமல் இருப்பதுதான் நிம்மதி என்பதால் 30 யூனிட் காரில் கைக்கு வருவது 25, 26தான். அப்படியானால் ஒவ்வொரு மாதமும் கோவையில் எங்கேயாவது சார்ஜருக்கு நின்றாக வேண்டும், அதுவும் ஆஸ்பத்திரியிலிருந்து களைத்து வரும் பெரியவரைக் காரில் உட்கார வைத்துக்கொண்டு. 45இல் கைக்கு 38 யூனிட் வரும். பேட்டரிக்குப் பல கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். அதற்குள் 20 சதவீதம் தேய்ந்துவிட்டது என்றே வைத்தாலும் 30 யூனிட் மிச்சம் இருக்கும். கோவை போய் வரச் சரியாக அதுதானே வேண்டும்? இதற்குமேல் 60, 79 என்று போனால் நீங்கள் தினமும் ஈரோட்டுக்கும் கோபிக்கும் வெறும் கனத்தைச் சுமந்துகொண்டு போவீர்கள், அந்தக் கனத்துக்கு வட்டியும் கட்டுவீர்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் காங்கேயத்துக்காரனே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலை நிறுத்தும் அளவுக்கு அடிக்கும் என்பது தெரியும், ஆனால் அது என் பேட்டரியையும் தின்னும் என்று போன வருஷம்தான் புரிந்தது. ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 85 சதவீதத்தோடு கிளம்பி பல்லடம், சூலூர் வழியாகக் கோவையில் அத்தை வீட்டுக்குப் போனோம். 70 கிலோமீட்டர். வழக்கமாக 36, 37 சதவீதம் இறங்கும். அன்றைக்கு எதிர்க்காற்று கதவைத் திறக்கவிடவில்லை, போய்ச் சேர்ந்து பார்த்தால் 35 சதவீதம்தான் நிற்கிறது. ஐம்பது போயிருக்கிறது! திரும்ப இன்னும் ஐம்பது வேண்டுமே என்று எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, அத்தை போட்ட சாப்பாடு இறங்கவில்லை. மத்தியானம் சார்ஜர் தேடிக் கிளம்பினேன். முதல் இடத்தில் திரையே எரியவில்லை, காவலுக்கு இருந்தவர் “அது ஒரு வாரமாவே அப்படித்தானுங்” என்றார். இரண்டாவது இடத்தில் எனக்கு முன்னால் இரண்டு வண்டி. என் வீட்டுக்காரம்மா அமைதியாகச் சொன்னாள்: “ஏனுங், பழைய வண்டியா இருந்திருந்தா இந்நேரம் பல்லடம் தாண்டியிருப்போமுங்.” ஒன்றரை மணி நேரம் நின்று 70 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

வீடு வந்து சேர்ந்தபோது 45. அதாவது திரும்பி வரச் செலவானது வெறும் 25 சதவீதம். அதே காற்று இப்போது முதுகைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த 35ஐ வைத்தே வீடு வந்து சேர்ந்திருக்கலாம், தெரியாததால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நடுரோட்டில் தொலைத்தேன். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80இல் போகிற வண்டிக்கு எதிரே 30இல் காற்று வந்தால் வண்டிக்கு அது 110 வேகம் மாதிரி, தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கோபிப் பக்கம் இந்த அளவு காற்று இல்லை, ஆனாலும் நீங்கள் கோவைக்குப் போவது மேற்கே பார்த்துத்தான். ஆடியில் போகும்போது அதிகம் இறங்கினால் பதறாதீர்கள்.

சரி, ஊட்டி. ஒரு டன்னை 1,000 மீட்டர் தூக்க ஏறக்குறைய 2.7 யூனிட் வேண்டும், இது எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் மாறாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் மேலே. நான்கு பேர், பெட்டி எல்லாம் சேர்த்து 1.8 டன் என்றால் உயரத்துக்கு மட்டும் ஒன்பது யூனிட், 50 கிலோமீட்டர் உருள இன்னொரு நான்கைந்து. கோபியிலிருந்து சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம் வரவே 11, 12 ஆகியிருக்கும். ஆக மொத்தம் 25க்குப் பக்கம். 45இல் இது ஒன்றுமே இல்லை. 30இல் போனாலும் மேட்டுப்பாளையத்தில் டிபன் சாப்பிடும் நேரத்தில் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டுவிட்டு ஏறினால் முடிந்தது, நான் அப்படித்தான் போகிறேன். அண்டாவை வாடகைக்கு எடுப்பது என்றேனே, அது இதுதான்.

இறங்கும்போது வேடிக்கை. மேலே 41 சதவீதத்தில் கிளம்பி கோத்தகிரி வழியாக இறங்கினேன், கீழே வந்தபோது 50. இறக்கத்தில் மோட்டாரே டைனமோ மாதிரி வேலை செய்து பேட்டரியை ஏற்றிக்கொண்டு வரும், பிரேக்கும் அதிகம் மிதிக்க வேண்டாம். அதனால் ஊட்டி லாட்ஜில் சார்ஜ் வசதி இருக்கிறதே என்று 100 வரை ஏற்றிவிடாதீர்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் எங்கே நிற்கும்? பேட்டரி முழுதாக இருந்தால் அந்த இழுவை கிடைக்காது, அத்தனை கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை நம்பியே இறங்க வேண்டும்.

ஃபாஸ்ட் சார்ஜர் என்றதும் இன்னொன்று. எந்தக் காராக இருந்தாலும் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறுவது ஆமை வேகம். வெளியூர்ப் பயணத்தில் 10இலிருந்து 80 வரைதான் புழங்குவோம், அதாவது வாங்கிய பேட்டரியில் 70 சதவீதம். மாதாமாதம் சென்னை போகிறவராக இருந்தால் நானே 60 வாங்கச் சொல்லியிருப்பேன். அப்புறம் பேட்டரி வகையையும் கேளுங்கள்: எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்றால் 100 வரை ஏற்றலாம், வாரம் ஒரு தடவையாவது ஏற்றச் சொல்கிறார்கள், என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது) என்றால் தினசரி 80உடன் நிறுத்துவது நல்லது. 45 யூனிட் எல்எஃப்பியும் 45 யூனிட் என்எம்சியும் தினப்படி புழக்கத்தில் ஒன்றில்லை.

வீட்டுச் சார்ஜிங்கைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, எனக்கு அதுதான் கவலை. 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். ஈரோடு போய் வந்த 12 யூனிட் நாலைந்து மணி நேரத்தில் ஏறிவிடும், ராத்திரி போதும். 45ஐக் காலியிலிருந்து நிரப்பத்தான் பதினாறு மணி நேரம் பிடிக்கும், அது உங்களுக்கு அபூர்வமாகத்தான் தேவைப்படும். பில்லில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட்டாவது கூடும், 500ஐத் தாண்டும்போது ரேட் எகிறும் என்பதையும் பெட்ரோல் மிச்சத்தில் கழித்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மோட்டார் ரூமில் இலவசக் கரண்ட் சும்மாதானே இருக்கிறது என்று யாராவது யோசனை சொல்வார்கள். விவசாயச் சர்வீஸில் கார் சார்ஜ் போடுவது விதிமீறல், மாட்டினால் அபராதம்.

என் மாமியார் வீடு உங்கள் ஊர்ப் பக்கம்தான், ஓட்டு வீடு. முதல் தடவை அங்கே பிளக்கைச் சொருகியதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு, ஒரு சொட்டு ஏறவில்லை. எலெக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு “எர்த்தே இல்லீங்ணா, பேருக்கு ஒரு கம்பி தொங்குது” என்றார். கிணற்றடியில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினார்கள். இப்போதும் சித்திரை வெயிலில் மாமியார் வாசல் தெளித்து மிச்சமான தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றுகிறார், “மாப்பிள்ளை கார் வந்தா சாப்பாடு வேணுமில்ல” என்று. புக் பண்ணும் முன் உங்கள் வீட்டு எர்த்தையும், சாயங்காலம் வோல்டேஜ் எவ்வளவு நிற்கிறது என்பதையும் ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஷோரூமில் அரை மணி டெஸ்ட் டிரைவுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஒரு நாள் முழுக்க வண்டியைக் கேளுங்கள். அப்பாவையும் ஏற்றிக்கொண்டு கோவை போய்த் திரும்பி, கோபி பஸ் ஸ்டாண்டு வரும்போது எத்தனை சதவீதம் மிச்சம் என்று இங்கேயே எழுதுங்கள்.